பிள்ளையார் பார்த்த புடலங்காய்

"பாத்தனிதானே?"

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் அல்ல, இந்தக் கேள்விதான். நீ பார்த்தாய்தானே, பிறகு யாராவது கேட்டால் சொல்வாய்தானே என்பது அதன் முழு அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்பார் என்று கணக்கில்லை. கேட்டுவிட்டு நான் "ஓம்" சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. விம்பிள்டனிலிருந்து குரோய்டனுக்குப் போகும் ட்ராம் பாதையின் ஓரத்தில், கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. அதில் எனக்குப் பக்கத்துத் துண்டு அவருடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்டால், "ஏன், அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?" என்று திருப்பிக் கேட்பார். கடைசிவரை ஊரைச் சொல்லவில்லை. இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். அங்கே யாரைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

நான் தோட்டக்காரி இல்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவள். சீனி வியாதி தொடங்குகிறது, கொஞ்சம் வெளியே நடமாடு என்று டொக்டர் சொன்னதால் ஒரு துண்டுக்குப் பெயர் கொடுத்து வைத்தேன். கிடைத்தபோது, பக்கத்தில் ஒரு தமிழ்ச் சனம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். முதல் நாளே அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. நான் மண்வெட்டியை ஊன்றியதும் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா. இதுதான் என்ர எல்லைக் கட்டை. இண்டைக்கு இது இதிலதான் நிக்குது. பாத்தனிதானே?"

"ஓம் அக்கா."

"நாளைக்கு ஆரும் அரக்கினால் நீதான் சாட்சி."

யார் அதை அரக்கி நகர்த்தப் போவது? அந்தப் பக்கத்தில் இருப்பது நான் ஒருத்திதான். எனக்கு எதிராக என்னிடமே சாட்சி வாங்கி வைத்துவிட்டார்.

அவரோடு வெளியே போவது ஒரு தனிக் கஷ்டம். ட்ராம் ஏறுமுன் மேடையில் உள்ள மெஷினில் கார்டைத் தொட வேண்டும். தொட்டதும் சத்தம் வரும். அக்காவுக்கு அந்தச் சத்தம் போதாது. "அடிச்சனான், பாத்தனிதானே?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் கூட இல்லாத நாட்களில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் கார்டையும் மெஷினையும் விரலால் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் ஏறுவாராம். விம்பிள்டன் கோயிலில் தேங்காய் உடைத்தாலும் அதே கதைதான். இரண்டு பாதியையும் தூக்கிப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவார். "சரிபாதியா உடைஞ்சது, பாத்தனீங்கள்தானே?" என்பார். பிள்ளையாரே மறுத்துப் பேசினாலும் அக்காவிடம் ஆள் இருக்கும்.

தோட்டத்தில் எது நடந்தாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நத்தைகள் கீரையை அரித்துவிட்டால், "இவ்வளவு நத்தை தானா வராது. ஆரோ கொண்டந்து விட்டிருக்கினம்" என்பார். பயற்றங்கொடிக்கு நட்ட தடி விழுந்து கிடந்தால் காற்றில் விழுந்தது என்று நான் சொல்லக் கூடாது. "காத்து தள்ளினதை நீ கண்டனியோ?" என்று கேட்பார். காணவில்லைதான், என்ன செய்வது.

எனக்குக் காய் தருவார். ஆனால் வெட்டித்தான் தருவார். பூசணிக்காய் என்றால் பிளந்து, விதையைக் கடைசி ஒன்றுவரை தோண்டி எடுத்துவிட்டுத்தான் என் கையில் வைப்பார். விதை எனக்கு வந்தால் அடுத்த வருடம் அதே பூசணி என் துண்டிலும் காய்த்துவிடுமாம். அந்தப் பூசணியில் கறி வைத்தால் நல்ல ருசியாக இருக்கும். இருந்தாலும், என்னை இவ்வளவு கேவலமாக நினைக்கிறாரே என்று ஒவ்வொரு வாய்க்கும் எனக்குக் கோபம் வரும்.

இந்த மனிசியோடு பேச்சே வேண்டாம் என்று விட்டிருப்பேன். ஒரு மழை நாள் அதைக் கெடுத்தது. தன் துண்டின் நடுவில், வளைத்த பிளாஸ்டிக் குழாய்களுக்கு மேல் பொலித்தீனைப் போர்த்தி அவர் ஒரு கூடாரம் கட்டியிருந்தார். லண்டன் குளிருக்குப் புடலை வெளியே காய்க்காது. அதற்காகத்தான் அந்தக் கூடாரம். மழை அடித்து ஊற்றியபோது இருவரும் அதற்குள் ஓடினோம். அக்கா பிளாஸ்கில் இருந்து எனக்குத் தேநீர் வார்த்தார்.

"சீனி போடேல்லை. பாத்தனிதானே?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனக்கா எல்லாத்துக்கும் சாட்சி கேக்கிறியள்? உங்களை ஆர் வந்து விசாரிக்கப் போகினம்?"

"விசாரிச்சவங்கள்" என்றார்.

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொலித்தீனில் மழை விழுந்த சத்தத்தில் நான் கிட்டப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"குரோய்டனில, அகதிக் கேஸ் விசாரிக்கிற கந்தோரில கேட்டவங்கள். நடந்ததெல்லாம் சொன்னனான். தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனது, வீட்டை எரிச்சது, எனக்குச் செய்தது எல்லாம். இது காணாதெண்டு என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தவன். ஒரு முகாமிலையும் அடைச்சு வைச்சவங்கள் எண்டு சேத்துச் சொல்லு, கேஸ் நல்லா நிக்கும் எண்டான். எனக்கு அப்ப என்ன தெரியும்? சேத்துச் சொன்னனான். அந்த முகாமுக்கு வாசல் எந்தப் பக்கம் எண்டு கேட்டாங்கள். நான் முழிச்சுக்கொண்டு இருந்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன? அது பொய்யெண்டு பிடிபட்டவுடன மற்றதும் பொய்யாப் போச்சுது. எரிஞ்ச வீடும் பொய். என்ர தம்பியும் பொய்."

"இப்ப விசா இருக்குத்தானே அக்கா."

"இருக்கு. நம்பித் தரேல்லை பிள்ளை. கனகாலம் இருந்திட்டாய், இருந்திட்டுப் போ எண்டு தந்தவங்கள்."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதற்குப் பிறகு அவர் "பாத்தனிதானே?" என்று கேட்டால் முகம் சுழிக்காமல் ஓம் சொல்லப் பழகிக்கொண்டேன். ஆனால் என் மனம் எப்படிப்பட்டது என்றால், அந்த இரக்கத்தோடு இன்னொன்றும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு முறை சேர்த்துச் சொன்னவர் இன்னொரு முறையும் சேர்ப்பாரோ? அவர் சொல்லும் எதையும் அதற்குப் பிறகு நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்டேன்.

இத்தனைக்கும் சாட்சி தேடுகிற இந்த அக்கா ஒன்றை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். கொடியில் நிற்கும் காயை. விதை போடும்போது கூப்பிடுவார். முளை வந்தால் கூப்பிடுவார். பின்னேரம் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவும்போது, "இதிலதான் தடவினனான், பாத்தனிதானே?" என்று கூப்பிட்டுக் காட்டுவார். பிஞ்சு பிடித்த மறுநாள் போனால், பழைய சாரத் துணியைக் கிழித்து நீளமாகத் தைத்த ஓர் உறை அதற்கு மேல் ஏறியிருக்கும். புடலை சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டுவோம் அல்லவா, அந்தக் கல் மட்டும் உறைக்குக் கீழே தொங்கும்.

"நல்ல பிஞ்சில ஆற்றையாவது கண் பட்டால் வெம்பிப் போகும்" என்பார்.

"என்ர கண்ணுமோ அக்கா?"

"உன்ர கண் நல்ல கண்தான். ஆனாலும் கண்தானே."

கண்ணூறு என்பது எங்கள் சனத்துக்கு இரத்தத்தில் ஊறியது. நானும் பிள்ளைகளுக்குக் கறுப்புப் பொட்டு வைத்து வளர்த்தவள்தான். அதனால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் தோட்டச் சங்கம் கோடை முடியும்போது ஒரு கண்காட்சி வைக்கும். பெரிய புல்வெளியில் கூடாரம் அடித்து, நீள மேசைகளில் வெள்ளைக் கடதாசி விரித்திருப்பார்கள். ஒரே அளவான மூன்று தக்காளி ஒரு தட்டில் இருக்கும். வெங்காயத்தின் கழுத்தை நூலால் கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஜாம், கேக், பின்னல் சால்வை, மரத்தில் செதுக்கிய கரண்டி எல்லாம் வரும். ஒரு மூலையில் கூண்டுகளில் முயலும் கோழியும் இருக்கும். கோழிக்குப் பரிசு, அது இட்ட முட்டைக்கும் பரிசு. முதல் தடவை நான் அக்காவை அங்கே கூட்டிப் போனபோது அவர் முட்டைத் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்த முட்டையை இந்தக் கோழிதான் இட்டதெண்டு ஆர் கண்டது?" என்று கேட்டார்.

அக்கா இங்கே இருந்த கடைசி வருடம் ஒரு புதுப் போட்டி சேர்த்தார்கள். மிக நீளமான காய்கறிக்கு ஒரு பரிசு. நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். உங்கள் புடலங்காயை வையுங்கள், ஒருத்தரும் கிட்ட வர ஏலாது என்றேன்.

"ஏன் உவை கேக்கினம்?" என்றார் உடனே. "எங்கட காயைப் பாத்து உவைக்கு என்ன வரப்போகுது? கவுன்சிலுக்குச் சொல்லி வாடகையைக் கூட்டவோ?"

"ஒருத்தரும் கூட்டேல்லை அக்கா. முதலாவதா வந்தால் காய்க்குப் பக்கத்தில ஒரு அட்டை வைப்பினம். உங்கட பேர் போட்டு, நீங்கள் வளத்தது எண்டு."

அவர் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். "அவையே எழுதித் தருவினமோ? நான்தான் வளத்ததெண்டு?"

"ஓம்."

"கையெழுத்தும் இருக்குமோ?"

"நடுவர் வைப்பா."

அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சங்கத்து விதியையும் நான் மறைக்கவில்லை. காயில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, கடையில் வாங்கியதைத் தான் வளர்த்ததென்று வைப்பவரிடமிருந்து துண்டையே திருப்பி எடுப்பார்கள் என்று சொன்னேன். அக்காவுக்கு அந்தத் துண்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. புருஷன் இல்லை, மகள் தூரத்தில், வீடு என்றால் ஒரு சின்ன அறை. ஆனாலும் அவர் பயப்படவில்லை. "அது நல்ல விதிதான்" என்றார்.

அந்தக் கோடை எங்களை ஏமாற்றிவிட்டது. வெயில் ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, மிச்சம் முழுக்க மழையும் குளிரும். நானும் ஒரு சின்னக் கூடாரம் கட்டிப் புடலை போட்டிருந்தேன். பூத்தது, கொட்டியது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துத் துண்டுகளில் எவருக்கும் வெள்ளரிக்காய்கூட உருப்படியாக வரவில்லை. அக்காவின் கூடாரத்தில் மட்டும் ஓர் உறை தொங்கியது. அதன் கீழே கல் தொங்கியது. வாரத்துக்கு வாரம் கல் கொஞ்சம் இறங்கி வந்தது போலவும் இருந்தது. உள்ளே காய் வளர்ந்து இறங்குகிறதா, இவரே கயிற்றை நீட்டிக் கட்டுகிறாரா என்று எனக்கு யோசனை ஓடியது. ஒருமுறை காற்றில் உறை அசைந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லாதது போல் தெரிந்தது. கிட்டப் போனேன். "என்ன பிள்ளை?" என்று பின்னால் குரல் கேட்டது. தண்ணீர் வாளி எடுக்க வந்தேன் என்றேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் நான் ட்ராம் மேடையில் நின்றேன். விம்பிள்டன் பக்கமிருந்து வந்த ட்ராமிலிருந்து அக்கா இறங்கினார். வெள்ளிக்கிழமையும் இல்லை, கோயிலுக்குப் போகிற உடுப்பும் இல்லை. காலில் தோட்டத்துச் சப்பாத்து, அதில் சேறு. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், சாரத்தில் சுற்றிய நீளமான ஒரு சாமானை. என்னைக் கண்டதும் அதை முதுகுப் பக்கம் திருப்பினார். அவ்வளவு நீளத்தை எங்கே மறைப்பது?

"என்னக்கா அது?"

"ஒண்டுமில்லை. நீ போ, உன்ர ட்ராம் வருது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. அந்தப் பக்கம் எங்கள் கடைகளுக்கு என்ன குறைச்சல்? வாசலிலேயே புடலங்காய் ஆள் உயரத்துக்குத் தொங்கும். உறைக்குள் ஒன்றுமில்லை. காய்க்காத கொடிக்குக் காய் வாங்கி வருகிறார். அட்டைக்கு ஆசைப்பட்டு இப்படியும் செய்வாரா என்று நினைத்தேன். செய்வார் என்றும் நினைத்தேன். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ட்ராமில் ஏறினேன்.

மறுநாள் மேசையில் அந்தப் புடலங்காய் கிடந்ததைப் பார்க்கச் சனம் கூடிவிட்டது. பச்சையில் வெள்ளைக் கோடு ஓட, ஒரு கோணல் இல்லாமல் மேசையின் முக்கால் நீளத்துக்குப் படுத்திருந்தது. பக்கத்தில், வெங்காயத் தாள் போலத் தடித்து நீண்ட ஒரு லீக்ஸ். அதை வளர்த்த வெள்ளைக்காரக் கிழவருக்கு நாங்கள் லீக்ஸ் கிழவர் என்றே பெயர் வைத்திருந்தோம். அந்தத் தோட்டத்தில் எந்தப் பரிசும் தன்னைத் தாண்டிப் போகாது என்றிருந்தவர். அவர் புடலங்காயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், நேராக நடுவரிடம் போனார்.

நடுவர், வேறொரு தோட்டச் சங்கத்திலிருந்து வந்த வயதான அம்மா. ஜமேக்காவில் பிறந்தவர். ஊதா நிறத் தொப்பி, கையில் அளவு நாடா. கிழவர் எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினார். இந்தக் கோடையில் இந்தக் காய் இங்கே வளர்ந்திருக்க முடியாது, நேற்று இந்த அம்மா இதை ட்ராமில் கொண்டுவந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஓர் ஆள் தானாகவே வந்து நின்றார்.

அக்காவுக்குக் கடையில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வரும். இப்படியான இடத்தில் வாயே திறக்கமாட்டார். அதனால் நடுவர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, நேற்று ட்ராமில கொண்டந்தது இதைத்தானோ எண்டு கேக்கினம்."

"ஓம். இதைத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விளங்கித்தான் சொல்லுறியளோ? எங்கையிருந்து கொண்டந்தனீங்கள்?"

"கோயிலால. முதல் காயைப் பிள்ளையாருக்குக் காட்டாமல் இவைக்குக் காட்டுறதே? காலமை வெட்டி, உறையோடையே கொண்டுபோய், அவருக்கு முன்னாலதான் கழட்டினனான். ஐயர் சந்தனம் வைச்சுத் தந்தவர். காயில அடையாளம் இருக்கக்கூடாதெண்டு நீ சொன்னபடியால் துடைச்சிட்டு வந்தனான். நேற்று உனக்கும் காட்டேல்லை, போட்டி முடியேல்லைத்தானே."

நான் கோயில், முதல் காய், எங்கள் வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். கிழவர் விடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் கடைகள் இருக்கின்றனவே என்றார். கொடியை வந்து பாருங்கள் என்றேன். கொடி இருக்கலாம், இந்தக் காய் அந்தக் கொடியில்தான் காய்த்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். அக்கா கோழி முட்டையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார், இந்தக் காய் கொடியில் தொங்கியதை யாராவது பார்த்தார்களா?

"கொடியில நிக்கேக்கை ஆராவது கண்டவையோ எண்டு கேக்கினம், அக்கா."

அக்கா சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அத்தனை வருடம் அத்தனைக்கும் ஆள் கூப்பிட்டுக் காட்டியவர், இந்த ஒன்றுக்கு மட்டும் ஓர் ஆளையும் வைத்திருக்கவில்லை.

"கண் பட்டிடும் எண்டு மூடி வைச்சனான். சனம் காணேல்லை" என்றார். "பிள்ளையார் பாத்தவர். சொல்லு."

நான் நடுவரின் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தேன்.

"சொல்லு எண்டிறன்."

இதை நான் எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? இந்தக் காய்க்குச் சாட்சி யானைமுகக் கடவுள் என்றா? கிழவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிக்காமல் வாயை மூடிக்கொள்வார்கள், அது இன்னும் மோசம். அட்டை போய், துண்டும் போய், இந்த மனிசி அந்தச் சின்ன அறைக்குள் அடைந்து கிடப்பதை நினைத்தேன். என் வாய் முந்திக்கொண்டது.

"நான் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "பக்கத்துத் துண்டு என்னுடையது. கொடியில் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன்."

நடுவர் தலையசைத்தார். கிழவர் தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பினார். காரியம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

"நோ!" என்றார் அக்கா.

கூடாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அக்கா என்னை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு நின்றார். "ஷீ நொட் சீ. ஷீ டெல் லை." இவ பார்க்கவில்லை, பொய் சொல்கிறா. அவர் பொது இடத்தில் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் எரிந்தது. மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள்.

நடுவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். அப்படியென்றால் யார் பார்த்தது என்று, இந்த முறை நேராக அவரிடமே கேட்டார்.

"மை கோட்" என்றார் அக்கா. "மை கோட் சீ."

கடவுள் இந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லையே என்றார் கிழவர். ஊதாத் தொப்பி அம்மா அவர் பக்கம் திரும்பி, நீங்கள் அவரைச் சேரச் சொல்லிக் கேட்டீர்களா என்றார். பிறகு காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, முகர்ந்து, திரும்ப வைத்தார். "தனக்குச் சார்பாகச் சொன்ன பொய்யைத் தானே தள்ளிவிடுகிற பெண் எனக்குக் காய் விஷயத்தில் பொய் சொல்லமாட்டாள். நான் உங்களை நம்புகிறேன், அம்மா" என்றார். அட்டையில் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, புடலங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா அட்டையைத் தொடவில்லை. கண்காட்சி முடியும்வரை அதற்கு முன்னாலேயே ஒரு கதிரை போட்டு இருந்தார். நான் எதிர்ப் பக்கத்தில் ஜாம் போத்தல்களை அடுக்குகிறவள் போல நின்றேன். கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் எழுந்து, புடலங்காயைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். வெளிவாசல்வரை ஒன்றாக நடந்தோம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"உங்களுக்காகத்தானே அக்கா சொன்னனான்" என்றேன். "அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியளே."

"ஓம். எனக்காகத்தான் சொன்னனி. தெரியும்."

"பிறகென்ன?"

அவர் வாசலில் நின்றார். குரலில் கோபம் இல்லை. அவருடைய வழக்கமான சந்தேகமும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

"நீ பாக்கேல்லை. அதில உன்ர பிழை இல்லை, நான்தான் காட்டேல்லை. ஆனால் பிள்ளை, நான் பாக்கேல்லை, இவவை எனக்குத் தெரியும், நான் நம்புறன் எண்டு சொல்லியிருக்கலாமே? என்னை முன்பின் தெரியாத அந்த மனிசி சொன்னவ. நீ அப்பிடிச் சொல்லியிருந்தால் அது பொய்யில்லைத்தானே?"

அப்படிச் சொல்லியிருந்தால், அன்றைக்கு நான் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருந்திருக்கும்.